மூங்கில் யார் கேட்டது?

மூங்கிலாம். வாசலில், கேட்டுக்கு நேர் எதிரே, ஆள் உயரத்துக்கு வரிசையாக ஏழு மூங்கில் புதர். தவமணி அந்தத் தாளை மூன்றாவது தடவையாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். எத்தனை தடவை பார்த்தாலும் மூங்கில் மூங்கிலாகத்தான் இருந்தது. பச்சைப் பென்சிலால் தீட்டி, ஒரு அம்புக்குறி போட்டு, பக்கத்தில் ‘பிரைவசி’ என்று வேறு எழுதியிருந்தாள் அந்த மெர்லின். வீட்டுக்கு முன்னால் தோட்டம் அமைத்துக் கொடுக்கிறவளாம், அதற்கென்றே படித்தவளாம், மகன் நவநீதன் ஓசூரில் இருந்தபடியே போனில் பிடித்து அனுப்பி வைத்த பெண். இன்றைக்குப் பத்து மணிக்கு வருவாள். தவமணி ஆகட்டும் என்று ஒரு வார்த்தை சொன்னால் நாளைக்குச் செடி ஏற்றிய வண்டி வந்து நின்றுவிடும். அதற்குள் நேற்றுச் சாயங்காலமே ஒரு ஆள் வந்து வாசல் முழுக்கச் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிட்டு, “மேடம் வந்து பாக்குற வரைக்கும் மிதிச்சிராதீங்கம்மா” என்று சொல்லிவிட்டுப் போனான். சொந்த வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது. பின்னே பறந்தா போவது? கோட்டை மிதிக்காமல் சக்கர நாற்காலியைத் தள்ள முடியாது என்பதால் இன்றைக்குச் சற்குணத்தை வெளியே கொண்டுவரவில்லை. மழை நாளும் ஆஸ்பத்திரி நாளும் போக, இந்த இரண்டு வருஷத்தில் காலை எட்டரைக்கு அவளுடைய புருஷன் கேட்டுக்குப் பக்கத்தில் உட்காராத நாள் கிடையாது. இப்போது மணி ஒன்பதேகால். ஹாலில் ஜன்னலோரம் இருக்கிறார். இனிமேல் வெளியே வந்தாலும் மூங்கிலுக்கு இந்தப் பக்கம்தான் என்று தாள் சொல்கிறது. ரோட்டில் போகிற யாரும் அவரைப் பார்க்க முடியாது.

அவளுக்கு அந்தத் தாளில் எந்த மூலையைப் பார்த்தாலும் பற்றிக்கொண்டு வந்தது. நன்றாகப் பூக்கிற நந்தியாவட்டையைப் பிடுங்கப் போகிறார்கள். மண்ணை மூடி பிளாஸ்டிக் புல் விரிக்கப் போகிறார்கள், மாடு முகர்ந்துகூடப் பார்க்காத புல். அதன் நடுவே வெள்ளைக் கூழாங்கல், கூழாங்கல் நடுவே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிற புத்தர் தலை. தலை மட்டும். உடம்பு எங்கே போச்சு என்று போனில் கேட்டதற்கு மருமகள் சுகிர்தா சிரித்தாள். “அத்தை, இப்ப எல்லார் வீட்டு வாசல்லயும் அதான்.” எல்லார் வீட்டு வாசலிலும் வெட்டின தலையா? சிரிக்க வேண்டிய விஷயமா இது? போர்டிகோவின் இரண்டு படியை இடித்துச் சரிவாக்குவார்களாம். நல்ல காரியம், இத்தனை நாள் பலகை போட்டு இறக்கி அவளுக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஆனால் சரிவு எங்கே போய் முடிகிறது? மூங்கிலுக்குப் பின்னால், கல் பாவின ஒரு சதுரத்தில். சக்கர நாற்காலி நிற்க அங்கே இடம். அதை ஒட்டி ஒரு பிரம்பு நாற்காலி. அந்தப் பிரம்பு நாற்காலிதான் தவமணியின் தொண்டையில் முள்ளாக நின்றது. அது யாருக்கு? வேறு யாருக்கு, சுகிர்தாவுக்குத்தான். வருகிற அன்றைக்குக் கால்மேல் கால் போட்டுக் காபி குடித்துக்கொண்டு போட்டோ எடுத்துப் போடுவதற்கு. அடுத்த மாசம் பேத்திக்குக் காதுகுத்து, இந்த வீட்டில்தான். சுகிர்தாவின் ஆட்கள் ஒரு வேன் நிறைய வருவார்கள். வந்து இறங்கினதும் அவர்கள் கண்ணில் முதலில் படப்போவது என்ன? வாய் ஒரு பக்கம் கோணி, தோளில் துண்டு போட்டு, லுங்கியோடு உட்கார்ந்திருக்கிற மாமனார். அது கூடாது. தண்ணீர் சொட்டுகிற புத்தர் படலாம். அவர் வாயிலிருந்து சொட்டினால் அசிங்கம், புத்தர் மேல் சொட்டினால் அழகு. இதைத்தான் இங்கிலீஷில் பிரைவசி என்று எழுதியிருக்கிறாள். தமிழில் எழுதக் கூச்சமாக இருந்திருக்கும்.

நேற்று ராத்திரி சாப்பாட்டு வேளையில் நவநீதனைக் கூப்பிட்டுக் கேட்டே விட்டாள். “மூங்கில் யாருடா கேட்டது?” என்றாள். “யாரு கேட்டா என்னம்மா, மெர்லின்தான் போட்டாங்க, நல்லாத்தானே இருக்கு” என்றான். “அப்பாவ மறைக்குதுடா.” “அப்பாவுக்கு நிழலா இருக்கும்மா.” “நிழலுக்கு நான் குடை பிடிக்க மாட்டேனா? ரெண்டு வருசமாப் பிடிக்கலையா?” அந்தப் பக்கம் குழந்தை அழுதது. அல்லது அழ விட்டான். “அம்மா, எதுக்கெடுத்தாலும் சண்டைக்கு நிக்காதீங்க, அந்தப் பொண்ணு வர்றப்ப பேசிக்கங்க” என்று வைத்துவிட்டான். சண்டையாம். அவனுடைய அப்பா நிமிர்ந்து நடந்த காலத்தில் இவன் சினேகிதர்களையெல்லாம் கூட்டிவந்து காட்டினானே, எங்க அப்பா பி.டி. மாஸ்டர், விசில் அடித்தால் ரெண்டு தெருவுக்குக் கேட்கும் என்று. அன்றைக்கு எந்த மூங்கில் இருந்தது?

சற்குணம் மாஸ்டர் என்றால் அந்த ரோட்டில் தெரியாத ஆள் இல்லை. அரசுப் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் விளையாட்டு வாத்தியார். பஸ் கண்டக்டர், போலீஸ்காரர், அரிசிக் கடை ரத்தினசாமி, எல்லாரும் அவரிடம் வெயிலில் நின்றவர்கள். விளையாட்டு விழாவுக்கு முதல் நாள் முளைக்குச்சி அடித்து, கயிறு கட்டி, குனிந்தபடியே நானூறு மீட்டர் சுண்ணாம்புக் கோடு போடுவார். பையன்களை விடமாட்டார். “கோணல் கோட்டுல ஓடுனா கோணலாத்தான் ஓடுவான்” என்பார். வீட்டுக்கு வரும்போது முழங்கை வரை வெள்ளை. அந்தக் கையோடு கேட்டைத் தொட்டால் கேட்டில் ஐந்து விரலும் இருக்கும், தவமணி தேங்காய் நார் வைத்துத் தேய்ப்பாள், தேய்க்கும்போது திட்டுவாள். வெள்ளைப் பேன்ட் இஸ்திரி மடிப்புக் கலையாமல், கான்வாஸ் ஷூவுக்கு வெள்ளை பூசாமல், வாசல் தாண்டின மனுஷன் இல்லை. பால் வாங்கக்கூட லுங்கியோடு போனதில்லை. “ஒரு பையன் பார்த்துட்டா?” என்பார். பார்த்தால் பார்க்கட்டுமே, பால்தானே வாங்குகிறீர்கள் என்றால் கேட்க மாட்டார். அப்படிப்பட்டவர் ஒருநாள் குளியலறையில் விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு, எழுத்து எல்லாம் ஒரே நாளில் போயிற்று. மிச்சம் இருந்தது ஒரு வார்த்தை. சரி. எதற்கும் சரி. பசிக்கிறதா, சரி. வலிக்கிறதா, சரி. ஏன் அழுகிறீர்கள், சரி. ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா ஒரு சிலேட்டைக் கொடுத்து எழுதப் பழக்கச் சொன்னாள். அவர் இடது கையால் அதைத் தள்ளிவிட்டார், தரையில் விழுந்து விளிம்பு உடைந்தது. அதற்கப்புறம் தவமணி அதை எடுக்கவில்லை. அந்த ஒரு வார்த்தை போதும், முப்பத்தாறு வருஷம் கூட இருந்தவளுக்கு மிச்சம் புரியாதா என்று இருந்துவிட்டாள்.

அவரை வீட்டுக்குக் கூட்டிவந்த அன்றைக்கே தவமணி மனசுக்குள் ஒன்றை முடிவு கட்டியிருந்தாள். பின்னறை கிடையாது. அவளுடைய சித்தப்பாவுக்குக் கண் போன பிறகு பின்னறையில் கட்டில் போட்டார்கள். காற்று வரும், அமைதியாக இருக்கும் என்றுதான் போட்டார்கள், கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. நாலு வருஷம் கழித்து அந்த வீட்டில் ஒரு கல்யாணம். வந்தவர் ஒருத்தர் பந்தியில் உட்கார்ந்து மோர் ஊற்றிக்கொண்டே, “அவரு எப்ப தவறுனாரு?” என்று கேட்டார். சித்தப்பா சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். அன்றிலிருந்து அந்தக் கேள்வி தவமணியை விடவில்லை, எங்கே மோர் வாசனை வந்தாலும் அது ஞாபகம் வந்தது. கண்ணில் படாத மனுஷன் பாதி செத்த மாதிரி. அதனால்தான் கேட்டுப் பக்கம். நாலு பேர் பார்க்க வேண்டும், நாலு பேர் பேச வேண்டும், இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும். மூங்கில் வந்தால் ஆறு மாசத்தில் ரோடு மறந்துவிடும். ஒரு வருஷத்தில் யாராவது அரிசிக் கடையில் நின்று அதே கேள்வியைக் கேட்பார்கள். அதை நினைத்ததும் அவளுக்குப் பயம் வந்தது, உடனே அந்தப் பயத்தின் மேலேயே கோபமும் வந்தது.

மூங்கில் கொசு சேர்க்கும், பாம்பு சேர்க்கும், சருகாகக் கொட்டும், யார் பெருக்குவது? மெர்லினா வந்து பெருக்குவாள்? இதையெல்லாம் பத்து மணிக்குச் சொல்ல வேண்டும். முதலில் கொசுவில் ஆரம்பிக்க வேண்டும், அப்புறம் பாம்பு, கடைசியில் பிரைவசி. இல்லை, முதலிலேயே பிரைவசி. அம்மா, நீ பாட்டுக்கு ஒரு மனுசனை மறைக்கக் கோடு போட்டுட்டுப் போயிருக்கியே, அவரு யாருன்னு தெரியுமா உனக்கு? வா, நாளைக்குக் காலையில எட்டரைக்கு வந்து நின்னு பாரு. ஆமாம், வந்து பார்க்கட்டும். பலகையில் இறங்கும்போதே ரோடே திரும்பிப் பார்க்கும். ரத்தினசாமி கடை திறக்கப் போகிறவர் சைக்கிளை நிறுத்தி, குதிகாலைத் தட்டி, விறைப்பாக ஒரு சல்யூட் வைப்பார். “மாஸ்டர், குட்மார்னிங்! எப்படி இருக்கீங்க?” காது கேட்காதவரிடம் கத்துகிற மாதிரிக் கத்துவார், பாசம்தானே. இவர் “சரி” என்பார். ரெண்டு வீடு தள்ளி இருக்கிற பெண்கள் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு வந்து நிற்பார்கள். எப்படி இருந்த மனுசன் என்பார்கள், நீங்களாக இருக்கப் போய்ப் பார்க்கிறீர்கள் என்பார்கள், அவள் துண்டால் அவர் வாயைத் துடைத்துக்கொண்டே அவர்களோடு ரெண்டு வார்த்தை பேசுவாள். ரெண்டு வார்த்தை சில நாள் அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே. மிச்ச நாள் பூராவும் அவள் யாரோடு பேசுகிறாள்? சரி என்கிற ஒரு வார்த்தையோடுதானே. வெளியே கிளம்புகிறதில் அவருக்கும் ஒரு விளையாட்டு உண்டு. ஹாலைத் தாண்டும்போது தினமும் இடது கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொள்வார். சின்னப் பிள்ளை மாதிரி விடமாட்டார், நல்ல இறுக்கமாக. அவள், “போதும் உங்க எக்சசைஸ்” என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போவாள். பிசியோதெரபிக்கு வருகிறவரிடம் பெருமையாகச் சொன்னதற்கு, நல்ல பலம் வந்திருக்கு, தினமும் பிடிக்கட்டும் என்றார். இதையெல்லாம் மூங்கில் நடுகிறவளுக்கு யார் சொல்வது?

ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். சற்குணம் தலையைச் சாய்த்து, நந்தியாவட்டையில் வந்து போகிற தேன்சிட்டையோ வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். முகம் ஒரு தினுசாகத் தளர்ந்து லேசாக இருந்தது. காலையில் இட்லியைக்கூட ஊட்டவிடவில்லை. இடது கையாலேயே பிட்டு, சிந்தாமல், மூன்று தின்றார். வெளியே போகாத நாளில்தானா இந்தப் பசி வரவேண்டும்? அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. நான் இங்கே உங்களுக்காகச் சண்டைக்கு வரிந்துகட்டிக்கொண்டு நிற்கிறேன், நீங்கள் தேன்சிட்டுப் பார்க்கிறீர்கள். மணி ஒன்பது ஐம்பது. எரிச்சல் காலுக்கு இறங்கியது. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் இறங்கினாள். மூங்கிலுக்கென்று போட்டிருந்த கோட்டைத் தேடவே வேண்டாம், மற்றதெல்லாம் வளைந்து வளைந்து போக அது மட்டும் கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே நேராகக் கிடந்தது. வலது காலால் தேய்த்தாள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரைக்கும், ஒரு இடம் விடாமல், உள்ளங்கால் வெள்ளையாகிற வரைக்கும் தேய்த்தாள். வரட்டும். வந்து கேட்கட்டும்.

மெர்லின் பத்தேகாலுக்கு ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு உள்ளே வந்தாள். முதுகில் பை, கையில் நீளமான ஃபைல். கோடு அழிந்ததைப் பார்த்தாள், தவமணியின் காலைப் பார்த்தாள்.

“ஆன்ட்டி, மூங்கில் பிடிக்கலையா?”

“பிடிக்கலையாவா? யாரைக் கேட்டும்மா போட்ட அத? என் மகன் சொன்னானா, மருமக சொன்னாளா? உள்ள ஒரு மனுசன் உக்காந்துருக்காரு. உசுரோட உக்காந்துருக்காரு. அவர மறைக்க உனக்கு யாரு ரைட்டு குடுத்தது?”

மெர்லின் ஃபைலைத் திறந்தாள். “அவங்க யாரும் சொல்லல ஆன்ட்டி. சார்தான் கேட்டாரு” என்றாள்.

“எந்த சாரு?”

“நம்ம சார்தான். போன வாரம் நான் வந்தப்ப நீங்க அடுப்பங்கரையில இருந்தீங்க, காபி போட்டுட்டு. நான் சார் பக்கத்துல உக்காந்து, வாசல்ல உங்களுக்கு என்ன வேணும் சார்னு கேட்டேன். அவரு என் பென்சிலப் பிடிச்சு இழுத்தாரு. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் ஆன்ட்டி.”

“அவருக்கு எழுத வராது.”

“எழுதல. வரைஞ்சாரு” என்று மெர்லின் ஃபைலுக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள்.

தவமணி அதை வாங்கிப் பார்த்தாள். இடது கைக் கோடு, நடுங்கி நடுங்கிப் போயிருந்தது. ஒரு சதுரம் கேட். எதிரே இன்னொரு சதுரம் வீடு. நடுவே, ஒன்றுக்கொன்று ஒரே இடைவெளியில், சின்னச் சின்னதாக ஏழு நிற்கிற கோடுகள். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது, வேறு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளையாட்டு விழாவுக்கு மைதானத்தைத் தாளில் போடும்போது முளைக்குச்சிகளை அவர் இப்படித்தான் வரைவார். எத்தனை வருஷம் சாப்பாட்டு மேஜையில் அந்தத் தாள்களை ஒதுக்கிவிட்டுத் தட்டு வைத்திருக்கிறாள்! குச்சிகளுக்கு இந்தப் பக்கம் ரெண்டு சக்கரம் போட்ட ஒரு நாற்காலி. அதை ஒட்டினாற்போல் சக்கரம் இல்லாத இன்னொரு நாற்காலி.

“இது யாருக்குன்னு கேட்டேன் ஆன்ட்டி. சார் அடுப்பங்கரைப் பக்கம் கையக் காட்டுனாரு” என்றாள் மெர்லின். “அதான் பிரம்பு நாற்காலி போட்டேன்.”

முதலில் வந்தது கோபம்தான். வேறென்ன வரும்? முப்பத்தாறு வருஷம். இந்த இரண்டு வருஷமாகத் துணி மாற்றி, மலம் அள்ளி, முதுகு துடைத்து, இத்தனையும் செய்தவளிடம் சொல்லாமல், காபி கொதிக்கிற நேரத்தில், நேற்று வந்த ஒரு பெண்ணிடம். ஏன், என்னிடம் சொன்னால் என்ன? சிலேட்டைத் தள்ளினீர்களே, பென்சிலைக் கேட்டிருக்கக் கூடாதா? அவள் விடுவிடுவென்று உள்ளே போய்ச் சக்கர நாற்காலிக்கு முன்னால் நின்றாள். “என்னங்க, வெளிய போவமா?” என்று கேட்டாள். “சரி” என்றார். அவள் இரண்டு வருஷத்தில் ஒருநாளும் கேட்காத மாதிரிக் கேட்டாள். “வெளிய போக வேண்டாமா?” “சரி” என்றார். அதே வார்த்தை, அதே குரல். அந்த வார்த்தையை நம்பித்தான் தினமும் லுங்கியைச் சரிசெய்து, துண்டைத் தோளில் போட்டு, பையன்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அவள் மெதுவாகப் பின்னால் போய், பிரேக்கை எடுத்துவிட்டு, நாற்காலியை வாசலைப் பார்த்து உருட்டினாள். ஹால் முடிந்தது. நிலை வந்தது. அவருடைய இடது கை எழுந்து நிலையைப் பிடித்தது.

விரல் நுனிகள் வெளுத்துப்போகிற அளவுக்கு இறுக்கம். அறுநூறு எழுநூறு நாள் காலையில் இந்தக் கையைத்தான் அவள் விரல் விரலாகப் பிரித்திருக்கிறாள், சிரித்துக்கொண்டு, எக்சசைஸ் என்று சொல்லிக்கொண்டு. அந்த மனுஷனும் அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு கிடைக்காமல் அதையே சொல்லிக்கொண்டு போயிருக்கிறார். தவமணி தள்ளுவதை நிறுத்தினாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். அவர் கையை அவள் பிரிக்கவில்லை. பிரேக்கைப் போட்டாள். “ஏன்யா, ஒரு தடவ என் கையத் தட்டிவிட்டிருக்கலாம்ல?” என்றாள், அழுகிற குரலில் இல்லை, சண்டை போடுகிற குரலில்தான். “சரி” என்றார் சற்குணம். பிறகு தலையைத் திருப்பி, வெள்ளையாக இருந்த அவளுடைய காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே சைக்கிள் மணி கேட்டது. கடைக்கு நேரமாகி வந்துகொண்டிருந்த ரத்தினசாமி கேட்டுக்கு முன்னால் ஒரு காலை ஊன்றி நின்று, போர்டிகோவைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்து, கையைத் தூக்கினார்.

“மாஸ்டர்! குட்மார்னிங்! என்ன இன்னும் கிளம்பலையா?”

தவமணி இறங்கிப் போனாள். இந்த நேரத்தில் எப்போதும் விரியத் திறந்து கிடக்கிற கேட்டின் இரண்டு கதவையும் இழுத்துச் சேர்த்தாள். கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் மெர்லின் நின்றாள். “அந்தக் கோட்ட மறுபடியும் போட்டுரும்மா, நான்தான் அழிச்சேன்” என்று அவளிடம் சொன்னாள். “நேராப் போடு. கோணலாப் போட்டா அவரு சும்மா விடமாட்டாரு.”

“மாஸ்டருக்கு உடம்பு ஏதும் முடியலையா?” என்றார் ரத்தினசாமி கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று.

“நல்லாத்தான் இருக்காரு. இன்னிக்கு லீவு.”

“அப்ப நாளைக்குப் பாக்கலாமா?”

தவமணி தாழ்ப்பாளைப் போட்டாள்.

“அவரக் கேட்டுச் சொல்றேன்.”